கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று நாள்: ஆறு, வயல், மலை பார்க்கக் குடும்பத்துடன் வர விரும்புகிறோம்

கேள்வி: பாலாற்றுக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் செங்கல்பட்டிலிருந்து குடும்பத்துடன் மூன்று நாள் வெளியூர் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் மனைவியும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும், நான்காம் வகுப்புப் படிக்கும் மகனும், எழுபது வயதைக் கடந்த என் அப்பாவும் வருகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாகவே நடப்பார், படியும் மேடும் ஏறுவதுதான் சிரமம்.

வழக்கமாக இதுபோன்ற விடுமுறைகளில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய், பாதி நாளை மலைப்பாதை நெரிசலிலும் மீதியைப் படகுத்துறை வரிசையிலும் கழித்துவிட்டுத் திரும்புவதே எங்கள் வாடிக்கை. இம்முறை பிள்ளைகள் ஓடும் தண்ணீரில் குளிக்க வேண்டும், வயல் பக்கம் நடக்க வேண்டும், போக்குவரத்துக் குறைந்த சாலையில் மிதிவண்டி ஓட்ட வேண்டும், முடிந்தால் ஒருநாள் காட்டுப் பாதையில் ஏற வேண்டும் என்பதுதான் விருப்பம். அலுவலக நண்பர் ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கைச் சொன்னார். இணையத்தில் தேடினால் மேகமலை, தேக்கடி, மூணாறு என்று சுற்றியுள்ள மலைகளைப் பற்றிய படங்கள்தான் வருகின்றனவே தவிர, பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்வோர் குறைவாக இருக்கிறார்கள்.

எந்த ஊரில் தங்கினால் வசதி? பிள்ளைகளை முல்லைப் பெரியாற்றில் இறக்கலாமா? அப்பாவை அழைத்துக்கொண்டு மேகமலை போவது சரிவருமா? குரங்கணி மலையேற்றம் இப்போது நடக்கிறதா? அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அண்மையில் போய் வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கம்பத்துக்காரன்

வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் காலம் மிகவும் பொருத்தமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள். நாற்றுவிட்டு நட்ட பயிர், செப்டம்பர் கடைசியில் கதிர் வாங்கி நிற்கும். ஆடியில் ஆளையே தள்ளுகிற மேல்காற்றும் அப்போது தணிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வந்துவிட்டு, ‘பச்சைப் பசேல் என்று சொன்னார்களே, எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் கிடையாது.

தங்குவதற்குக் கம்பத்தையோ உத்தமபாளையத்தையோ தேர்ந்தெடுங்கள். இரண்டுமே ஆற்றை ஒட்டிய ஊர்கள். எளிமையான தங்கும் விடுதிகள் உண்டு, சுருளிப்பட்டிப் பக்கம் தோட்ட வீட்டை வாடகைக்கு விடுவோரும் இருக்கிறார்கள். தேனியில் தங்கினால் வசதி கூடுதல்தான், ஆனால் கம்பம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருப்பதால், காலை வெயில் ஏறுவதற்குள் வயலில் இருக்க வேண்டும் என்ற உங்கள் நோக்கம் கெட்டுவிடும். மலைமேல் அறை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. என் கருத்து இதற்கு நேர்மாறானது. தரையில் தங்கினால் மூன்று பக்கமும் மலை தெரியும், கையெட்டும் தூரத்தில் ஆறும் வாய்க்காலும் இருக்கும், அப்பாவும் படி ஏறாமல் எல்லாவற்றையும் பார்ப்பார்.

முதல் நாள் காலையில் மிதிவண்டிகளோடு திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போங்கள். (மிதிவண்டி இங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம், தங்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.) கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கும், காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஊர்களுக்கும் போகும் சாலைகளில், நெடுஞ்சாலையோடு ஒப்பிட்டால் வண்டிகள் குறைவு. இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற பகுதிகளில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால் (கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது), ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் பெரியவர்கள் சற்றுக் குனிந்துதான் நடக்க வேண்டும், உங்கள் மகன் நிமிர்ந்தே நடப்பான். தலைக்குமேல் கறுத்த கொத்துகளும், அவற்றின் மேல் விரல் பட்டால் அழிகிற சாம்பல் படிவும், இலையின் இடைவெளிகளில் பொட்டுப் பொட்டாக விழும் வெயிலுமாக இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பழத்தைக் கழுவாமல் மட்டும் தின்ன விடாதீர்கள், ஏனெனில் மருந்து தெளிக்காத பந்தலைப் பார்ப்பது அரிது.

இராயப்பன்பட்டி வரை போனால், அருகே சண்முகாநதி அணை இருக்கிறது. சிறிய அணைதான், கடைகளின் சத்தம் கிடையாது, மாலை வேளையில் அப்பா நடக்க நல்ல இடம்.

இரண்டாம் நாள் காலையில் சுருளி அருவி. கம்பத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவுதான். வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் நுழைவுச் சீட்டு உண்டு. நுழைவாயிலிலிருந்து அருவிக்குச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். யானைகள் அருவிப் பக்கம் வந்தாலும், மேலே மழை பெய்து வெள்ளம் கூடினாலும் குளிக்கத் தடை போடுவார்கள். அப்படி ஒரு தடை இருக்கிறதா என்று முந்தைய நாள் மாலையே தங்கும் இடத்தில் கேட்டுவிடுங்கள்.

மாலையில் லோயர் கேம்ப் போகலாம். மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை 1895-இல் கட்டி முடித்த அணையால் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பியவர் பென்னிகுயிக் என்பதைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் நான்கு பெரிய குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி மின் நிலையத்துக்கு வருவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். அவருடைய மணிமண்டபமும் அங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறோம்.

இவற்றோடு தேக்கடியையும் மூணாற்றையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். சேர்த்தால் மூன்று நாளும் வண்டியில்தான் இருப்பீர்கள்.

பதில் 2: மலைப்பாதை

கம்பத்துக்காரர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மேகமலையை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டது அவர் ஊர்ப்பற்று. மூன்றாம் நாள் முழுவதையும் அதற்குக் கொடுக்கலாம். அப்பாவையும் தாராளமாக அழைத்துப் போகலாம், ஏனெனில் அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றைச் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘மேகமலை அருவி’ என்று வரைபடத்தில் தேடினால், கடமலைக்குண்டு வழியாகக் கோம்பைத்தொழு அருகே உள்ள சின்னச்சுருளிக்கு அது வழிகாட்டக்கூடும். அது மலைக்கு மறுபக்கம். நீங்கள் படங்களில் பார்த்த தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் இருப்பது ஹைவேவிஸ் பகுதியில். அதற்குச் சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. இருட்டிய பிறகு வாகனங்களை அனுமதிப்பதில்லை. ஆகவே காலை ஏழு மணிக்குள் சாவடியைக் கடந்து, மாலை நான்கு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள். இது 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. யானையும் காட்டுமாடும் சாலைக்கு வருவது அங்கே செய்தியே அல்ல. தேயிலைத் தோட்டங்கள் தனியாருடையவை என்பதால், படம் எடுப்பதற்காக இறங்கி உள்ளே நடக்கக் கூடாது. உணவு கிடைக்கும் இடங்கள் குறைவு. கட்டுச்சோறு எடுத்துப் போவது நல்லது. பிள்ளைகளுக்கு வளைவுகளில் குமட்டும் என்றால் காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

குரங்கணியைப் பொறுத்தவரை, 2018 மார்ச் மாதக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, பழைய முறையில் யாரோ ஒரு குழுவுடன் சேர்ந்து ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளைக் கொண்ட திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குரங்கணி சாம்பலாறு பாதையும் அதில் அடங்கும். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார், காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு ஏற்றது. நான்காம் வகுப்புப் பையனுக்கு அந்தப் பாதை கடினம் என்பது என் எண்ணம். குழந்தைகளுக்கான வயது விதியை முன்பதிவுப் பக்கத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

மலையேறாவிட்டாலும் போடியிலிருந்து குரங்கணி வரை வண்டியில் போய் வருவது வீணல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மூணாற்றுத் தேயிலை, சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோனது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான், எவ்வளவு உயரத்திலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலையை இறக்கியிருக்கிறார்கள் என்பது புரியும்.

பதில் 3: மதகடி

பாசனப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஆற்றில் இறங்குவது பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மேலே இருவரும் அதைத் தொடவில்லை.

முல்லைப் பெரியாறு மற்ற ஆறுகளைப் போல மழைக்கேற்ப மட்டும் ஓடும் ஆறு அல்ல. அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்து ஓடுவது. கோடையில் குடிநீருக்காக விநாடிக்கு 100 கனஅடி மட்டும் வரும் நாள்களும் உண்டு, மழைக்காலத்தில் 1,500 கனஅடிக்கு மேல் வரும் நாள்களும் உண்டு. நேற்றுக் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்த படித்துறையில் இன்று இடுப்பளவு ஓடக்கூடும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளிலும் இது நடக்கும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நாளிதழ்களின் தேனி மாவட்டப் பக்கத்தில் அணையின் நீர்மட்டமும் திறப்பு அளவும் அநேகமாக நாள்தோறும் வரும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைக் கவனித்து வந்தால், ஆறு எந்த நிலையில் இருக்கும் என்று உங்களுக்கே ஒரு மதிப்பு கிடைத்துவிடும்.

எனவே பிள்ளைகளை ஆற்றில் இறக்குவதென்றால், ஊர்மக்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில், அவர்கள் நிற்கும் ஆழத்தில் மட்டும் இறக்குங்கள். தடுப்பணைகள் பார்வைக்கு அழகாக இருக்கும். அவற்றின் கீழ்ப்பக்கம் தண்ணீர் விழுந்து விழுந்து குழி பறித்திருக்கும், மேற்பக்கம் பாசி பிடித்திருக்கும். இரண்டிலும் பெரியவர்களே தவறி விழுந்திருக்கிறார்கள். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் அருகே ஆற்றில் பலர் குளிப்பதைப் பார்த்துத் தைரியம் வரும். அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெரிய கால்வாய்களில் இறங்கவே கூடாது. கரை செங்குத்தாக இருப்பதால், உள்ளே விழுந்த குழந்தைக்குப் பிடித்து ஏற எதுவும் இருக்காது.

பெரியகுளம் பக்கம் உள்ள கும்பக்கரையை யாராவது பரிந்துரைத்தால், அதுவும் நல்ல இடம்தான். ஆனால் அங்குள்ள வழுக்குப் பாறைகளுக்கும் அவற்றின் இடையே உள்ள ‘கஜம்’ எனப்படும் ஆழமான நீர்க்குழிகளுக்கும் பல உயிர்கள் போயிருக்கின்றன. கம்பி வேலி போட்ட இடத்தைத் தாண்ட வேண்டாம். கொடைக்கானல் மலையில் மழை பெய்தால் அங்கே வெள்ளம் வரும் வேகத்துக்கு, கரையேற நேரம் கிடைக்காது.

பதில் 4: இருபோகம்

நான் உத்தமபாளையம் பக்கத்தில் நெல் விவசாயி. எங்கள் ஊர் வயல்களைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்பதில் மகிழ்ச்சியே. ஆனாலும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடந்த சில ஆண்டுகளில் படம் எடுக்க வருவோரால் எங்களுக்கு வரும் தொல்லை கொஞ்சமல்ல.

வரப்பு என்பது நடைபாதை அல்ல. வயலில் தண்ணீரை நிறுத்தி வைப்பதற்காக மண்ணை அணைத்துப் போட்டது. கதிர் வாங்கும் நேரத்தில் ஐந்து பேர் வரிசையாகச் செருப்புக் காலுடன் நடந்தால் ஈர வரப்பு சரியும், ஓர் இடத்தில் சரிந்தாலும் இரவோடு இரவாக என் வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போய்விடும், மறுநாள் காலையில் அந்தக் கீழ்வயல்காரர் என்னிடம் சண்டைக்கு வருவார். மடையில் வைத்த கல்லையோ பலகையையோ பிள்ளைகள் விளையாட்டாக நகர்த்தினாலும் இதே கதைதான். வண்டிப்பாதையும் வாய்க்கால் கரையும் நடப்பதற்குப் போதும். அங்கிருந்தே எல்லாம் தெரியும். வரப்பில் இறங்க ஆசை என்றால், வயலில் யார் நிற்கிறார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரே முன்னால் நடந்து கூட்டிப் போவார். எந்த வரப்பு உறுதி, எங்கே பாம்புப் புற்று என்பதும் அவருக்குத் தெரியும்.

கண்ணாடிப் பாட்டிலை மட்டும் எங்கேயும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும்; ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வாய்க்கால் கரையில் உடைத்துப் போட்ட பாட்டில், தண்ணீரோடு வயலுக்கு வந்து, களை பறிக்க இறங்கும் பெண்களின் காலைத்தான் கிழிக்கிறது. அவர்கள் செருப்பில்லாமல் சேற்றில் நிற்பவர்கள்.

விடிந்து ஒன்பது மணிக்குள் வந்தால் பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய இருக்கும். கொக்குகள் கூட்டமாக இறங்கும், தண்ணீர் பாய்ச்சுவோர் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகனைக் கையில் மண்வெட்டியைப் பிடித்து ஒரு மடை திறக்கச் சொல்லுங்கள். உரியவர் உடனிருந்தால் அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டோம்.

பாலாற்றுக்கரையான்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. தரையில் இரண்டு நாள், மேகமலைக்கு ஒரு நாள் என்று முடிவு செய்துவிட்டோம். குரங்கணி மலையேற்றத்தைப் பையன் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம். மதகடி ஐயா சொன்னபடி நாளிதழில் நீர்த் திறப்பைப் பார்க்கும் வேலையை மகளிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் விடுமுறைக்குள் புரட்டாசி அமாவாசை வருகிறது. சுருளி புண்ணியத் தலம் என்று கேள்விப்பட்ட அப்பா, அங்கே தர்ப்பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். அன்று நாங்கள் போவது உசிதமா? மேலும், சொந்த வண்டியில் இவ்வளவு தூரம் வராமல் ரயிலில் வர வழி உண்டா?

கம்பத்துக்காரன்

மகாளய அமாவாசையன்று சுருளியில் கூட்டம் மிகுதியாக இருக்கும். ஆடி, தை அமாவாசைகளைப் போலவே சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் அங்கே திரளும், வாகனங்களை வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தர்ப்பணம் கொடுப்பது அருவியின் அடியில் அல்ல, பூதநாராயணர் கோயிலுக்கு அருகே ஆற்றங்கரையில் என்பதால், அப்பா மேடு ஏற வேண்டிய தேவை இராது. நீங்களும் அப்பாவும் மட்டும் விடியற்காலையில் போய்க் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் அருவியில் குளிக்க வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் உண்டு. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த மதுரை போடி பாதையில் 2022-இல் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் வண்டி ஓடத் தொடங்கியது. சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு இரவு ரயில் இருக்கிறது. தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாள் மட்டும் என்றுதான் அறிவித்தார்கள். எனவே விடுமுறைத் தேதியை முடிவு செய்யும் முன்பே அது ஓடும் நாள்களைப் பார்த்துவிடுங்கள். தேனியில் இறங்கினால் கம்பத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. மேகமலைக்கு மட்டும் ஒருநாள் வாடகை வண்டி எடுத்தால் போதும். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநராகக் கேட்டு அமர்த்துங்கள்.